ரெய்டில் ஒரு டிஸ்க் கழன்று கொண்டால்...

வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் பதிந்து, இரண்டு ஹார்டு டிஸ்க்குகளை ரெய்டு 1 முறையில் இணைத்துக் குடும்பப் போட்டோக்களைச் சேமிக்கிறீர்களா? இரண்டிலும் ஒரே தகவல்தான் இருக்கும். ஒன்று கெட்டாலும் சர்வர் வழக்கம் போல் ஓடும். அதுதான் ஆபத்து, கெட்டதே நமக்குத் தெரியாது.

ப்ராக் டைரக்டரியில் உள்ள எம்டிஸ்டாட் ஃபைலைத் திறந்து பாருங்கள். சதுர அடைப்புக்குறிக்குள் இரண்டு 'யூ' எழுத்துகள் இருந்தால் நலம். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால், ஒரு டிஸ்க் விலகி விட்டது.

உடனே கடைக்கு ஓட வேண்டாம். மிஞ்சிய டிஸ்க்கில் உள்ளதை முதலில் வெளி டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிறகு ஸ்மார்ட் அறிக்கையைப் பாருங்கள். சிஆர்சி பிழை மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் கேபிள்தான் குற்றவாளி. என் சர்வரில் தளர்ந்த சாட்டா கேபிளை மாற்றியதும் சரியானது. பெண்டிங் செக்டார்கள் கூடிக் கொண்டே போனால் டிஸ்க்கையே மாற்றுங்கள்.

மீண்டும் சேர்க்க எம்டிஆட்மின் 'ஆட்' கட்டளை போதும். 'கிரியேட்' பக்கமே போகாதீர்கள். டிஸ்க் வரிசை மாறினால் பழைய தகவலின் மேல் வெற்று டிஸ்க் நகலாகி விடும்! 1 டெராபைட் டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகத்தில் நிரம்ப ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். அதுவரை சர்வரை அணைக்காமல் விட்டு விடுங்கள்.