முயலின் வெண்மைக்குள் மறைந்திருக்கும் நிறங்கள்

அங்கோரா முயல்களில் கருப்பு, பழுப்பு, சாம்பல் எனப் பல நிறங்கள் உண்டு. இந்தியாவில் ரோமத்துக்காக வளர்க்கப்படும் ஜெர்மன் அங்கோராவோ தூய வெள்ளை, கண்கள் சிவப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: அதன் உடலில் மெலனின் என்னும் நிறமி உருவாவதில்லை. கண்ணில் தெரியும் சிவப்பு, உள்ளே ஓடும் ரத்தத்தின் நிறம்.

மெலனின் உருவாவதற்கு டைரோசினேஸ் என்னும் நொதி தேவை. அதற்கான மரபணுவை மரபியலாளர்கள் 'சி' என்று குறிப்பார்கள். இம்மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. முழு வடிவம் இருந்தால் நிறம் முழுமையாக வரும். சின்சில்லா வடிவம் மஞ்சள் நிறமியைத் தடுத்து, கருப்பை விட்டுவைக்கும். ரோமம் வெள்ளிச் சாம்பலாகும். இமாலய வடிவம் தரும் நொதி குளிர்ந்த பகுதிகளில் மட்டுமே வேலை செய்வதால் காது, மூக்கு, பாதம், வால் மட்டும் கருக்கும். வெள்ளை வடிவத்தில் நொதி வேலை செய்வதே இல்லை.

இதற்கான நேரடிச் சான்றை மதுரைக்கு அருகிலேயே காணலாம். கொடைக்கானல் மலையில், சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இயங்குகிறது. அங்கு வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லாவும் வெள்ளை ஜெயண்டும் இறைச்சி இனங்கள். முன்னது சாம்பல், பின்னது சிவப்புக் கண் வெள்ளை. 'சி' மரபணுவின் இரு வடிவங்களே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

ஒவ்வொரு குட்டியும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளைப் பெறுகிறது. வெள்ளை வடிவம் ஒடுங்கு தன்மை கொண்டது: இரண்டு பிரதிகளும் அதுவாக இருந்தால்தான் வெளிப்படும். ஆகவே தூய சின்சில்லாவையும் வெள்ளை முயலையும் இணைத்தால் முதல் தலைமுறையில் வெள்ளைக் குட்டி பிறப்பதில்லை. அந்தக் குட்டிகளைத் தமக்குள் இணைத்தால் சராசரியாக நான்கில் ஒன்று வெள்ளை. சிவப்புக் கண் வெள்ளை இரண்டு சேர்ந்தால் எல்லாக் குட்டிகளும் வெள்ளையே.

வெள்ளை முயலிலும் மற்ற நிற மரபணுக்கள் இருக்கத்தான் செய்கின்றன. 'ஏ' மரபணு ஒரே மயிரிழையில் கருப்பும் மஞ்சளுமாகப் பட்டைகளை அமைக்கும். 'பி' கருப்பா பழுப்பா என்பதை முடிவு செய்யும். 'டி' நிறத்தை அடர்த்தியாக்கும் அல்லது வெளிறச் செய்யும். 'ஈ' கருப்பு நிறமி பரவும் அளவை நிர்ணயிக்கும். நிறமியே இல்லாததால் இவை எதுவும் வெளியே தெரிவதில்லை. வேறு நிற முயலுடன் இணைத்தால் அடுத்தடுத்த தலைமுறைகளில் வெளிப்படலாம்.

ரோமத்தின் நீளம் தனி மரபணுவைச் சார்ந்தது. நீள ரோமமும் ஒடுங்கு பண்பே என்பதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மரபியலாளர் வில்லியம் காசில் காட்டினார். சாதாரண முயலின் மயிர் சுமார் 5 வாரம் வளர்ந்து நின்றுவிடும். அங்கோராவின் மயிர் சுமார் 14 வாரம் வளரும். ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரோமம் கத்தரிக்கப்படுவது இதனால்தான். வெள்ளை அங்கோராவைக் குட்டை ரோமமுள்ள தூய நிற முயலுடன் இணைத்தால், இரண்டாம் தலைமுறையில் 16இல் ஒன்றே நீள ரோமமும் வெண்மையும் சேர்ந்து பிறக்கும். வெள்ளை ரோமம் எந்தச் சாயத்தையும் தெளிவாக ஏற்பதால் நூற்பாலைகள் அதையே விரும்புகின்றன.

ஆயினும் மதுரைச் சமவெளிக்கு அங்கோரா ஏற்றதன்று. முயலுக்கு வியர்த்து உடல் தணியும் வழியில்லை. வெப்பத்தை வெளியேற்றுவதில் காதுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸை நெருங்கும் ஊரில் நீண்ட ரோமம் அதற்குப் பெருஞ்சுமை. அதனால்தான் அங்கோரா வளர்ப்பு இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கு போன்ற குளிர்ந்த இடங்களில் நிலைத்தது. சமவெளியில் இறைச்சி முயல் வளர்ப்போருக்கும் நிற விதிகள் இவையே. எந்த ஆணுக்கும் எந்தப் பெண்ணுக்கும் எந்த நிறக் குட்டிகள் பிறந்தன என்று ஒரு நோட்டில் குறித்து வந்தால், வெண்மைக்குள் மறைந்திருப்பது என்ன என்பதை அந்தக் குறிப்பே காட்டிக்கொடுக்கும்.