துணித்துண்டுகளாலான பொருட்காட்சிசாலை

பொருட்காட்சிசாலை என்றதும் கற்சிலையும் பழங்காசும் நினைவுக்கு வரும். துணியே பொருட்காட்சிசாலையான வரலாறும் உண்டு. 1866-இல் இலண்டனில் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பார் இந்தியத் துணிகளின் 700 மாதிரித் துண்டுகளை 18 தொகுதிகளாக அமைத்தார். அவ்வாறு 20 படிகள் ஆக்கப்பெற்றன. அவற்றைத் தொழிற் பொருட்காட்சிசாலைகள் என்றே அவர் கருதினார்.

பிரிட்டனுக்கு 13, இந்தியாவுக்கு 7 என அவை பங்கிடப்பட்டன. நம் கரையையும் கட்டத்தையும் ஆங்கில ஆலையாளர் கற்று, இங்கு விலைபோகும் துணியை நெய்யவேண்டும் என்பதே நோக்கம். துணியின் அளவும் ஊரும் குறிக்கப்பட்டன. நெய்தவர் பெயர் இடம்பெறவில்லை.

அக்குறையை நாம் நீக்கலாம். ஒவ்வொரு புது நெசவிலும் ஒரு சாண் துணியை, பருத்தி இனம், நூல் எண், சாயம், நெய்தவர் பெயர் ஆகிய விவரங்களுடன் சங்கத்திலேயே பேணி வைப்போமாக. மாதிரியும் பெயரும் நம்மிடம் இருந்தால், வடிவம் யாருடையது என்பதற்குச் சான்றும் நம்மிடமே இருக்கும்.