டாக்டர்களுக்கும் ஒரு கணக்கு வாத்தியார்!

"இந்தத் திட்ட விலக்கம் எல்லாம் எதுக்கு சார்?" என்று கணக்குப் பீரியடில் கேட்காதவர் நம்ம பள்ளியில் உண்டா? இந்தக் கணக்கையே வேலையாகக் கொண்டு, ஊசி போடாமல், ஸ்டெதஸ்கோப்பைத் தொடாமல், ஏராளமான நோயாளிகளுக்கு உதவியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மருத்துவப் புள்ளியியலாளர் என்று பெயர். அவர்கள் என்னதான் செய்கிறார்கள்? நம்ம சென்னையில் நடந்த ஒரு சங்கதியைச் சொன்னால் புரிந்துவிடும்.

அந்தக் காலத்தில் டி.பி. என்கிற காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு, இதுதான் வைத்தியம். மலைக்காற்று ரொம்ப நல்லது என்றும் நம்பினார்கள். (நமக்குத்தான் அது பஞ்சமில்லையே!) ஆனால் விடிகாலையில் போடியிலிருந்து ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போகிற ஓர் அம்மாவை நினைத்துப் பாருங்கள். ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் படுங்கள் என்றால் கூலிக்கு எங்கே போவார்? பிள்ளைகளுக்குச் சோறு பொங்குவது யார்? நாட்டிலிருந்த அத்தனை நோயாளிகளுக்கும் கட்டிலும் கிடையாது. 1950களில் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. அப்படியானால் வீட்டிலேயே இருந்து மருந்து சாப்பிட்டால் குணமாகுமா?

இதைக் கண்டுபிடிக்க 1956ல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்கள். டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளைச் சேர்த்தார்கள். பாதிப்பேர் வீட்டில், பாதிப்பேர் சானடோரியத்தில். இருவருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

யாரை எங்கே அனுப்புவது? இங்கேதான் கணக்குக்காரர் குறுக்கே வருகிறார். டாக்டரிடம் விட்டால் என்ன ஆகும்? ரொம்ப முடியாதவரைப் பார்த்து "பாவம், இவர் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும்" என்பார். அது நல்ல மனசுதான். ஆனால் அப்புறம் வீட்டுக்காரர்கள் நன்றாகக் குணமானால், அது வீட்டாலா, நோய் லேசாக இருந்ததாலா என்று சொல்லவே முடியாது. ஏலக்காய் மூட்டையில் மேலாக இருப்பதை மட்டும் அள்ளிப் பார்த்துவிட்டு மூட்டை முழுக்கப் பெருங்காய் என்று விலை வைத்தால் எப்படியோ, அப்படித்தான்! அதனால் சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி பிரிக்க வேண்டும். அடுத்த சீட்டு என்ன என்பது டாக்டருக்கும் தெரியக் கூடாது. இங்கிலாந்தில் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைச் சோதித்து 1948ல் வெளியான ஆய்வில் இதற்காகவே ஒட்டிய கவர்களை வைத்தார். அதில் மருந்து பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர். மருந்தில்லாமல் படுக்கை ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேர்.

சரி, சென்னைக்கு வருவோம். ஒரு வருஷம் கழித்து நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். "பார்த்தீர்களா, சானடோரியம்தான் ஜெயித்தது" என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். அவசரப்படாதீங்க! ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 80 பேர்தான். ஆறு சதவீதம் என்றால் ஐந்து பேர் வித்தியாசம். ஒரு நாணயத்தைப் பத்துத் தடவை சுண்டுங்கள். ஆறு தலை விழுந்தால் நாணயம் கோணல் என்றா சொல்வோம்? தற்செயலாகவே இவ்வளவு வித்தியாசம் வருமா என்று கணக்குப் போட்டுச் சொல்வதுதான் புள்ளியியலாளர் வேலை. வரும் என்றது கணக்கு. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் வீட்டில் 90, சானடோரியத்தில் 89! அந்த ஐந்து வருஷ அறிக்கையை 1966ல் எழுதியவர்களில் மையத்தின் புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணாவும் ஒருவர்.

இதில் எனக்கு ரொம்ப ஆச்சரியம், வீட்டிலிருந்தவர்கள் நெருக்கடியான வீட்டில், சுமாரான சாப்பாடு சாப்பிட்டவர்கள் என்பது. ஓய்வும் குறைவு. அவர்கள் வீட்டாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. இன்றைக்கு போடியில் ஒருவருக்கு டி.பி. என்றால் சாதாரணமாக ஆறு மாதம் வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடுகிறாரே, அதற்கு வழி திறந்தது இந்த ஆய்வுதான்.

எல்லாக் கணக்கும் சந்தோஷமான விடை தருவதில்லை. 1968ல் செங்கல்பட்டுப் பகுதியில் பி.சி.ஜி. தடுப்பூசியை மிகப் பெரிய அளவில் சோதித்தார்கள். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. பெரியவர்களின் நுரையீரல் டி.பி.யை அது தடுக்கவில்லை என்று தெரிந்தது. 15 வருஷக் கணக்கு 1999ல் வெளிவந்தது. எதிர்பார்த்தது வரவில்லை என்று மறைக்காமல் அச்சடித்தார்களே, அதுதான் பெரிசு. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் மாதிரி வரும் கடுமையான டி.பி.யைத் தடுப்பதால் பிறந்ததும் பி.சி.ஜி. இன்றும் போடுகிறார்கள்.

இவர்கள் வாத்தியாராகவும் இருக்கிறார்கள். ஆய்வு செய்ய எத்தனை பேர் வேண்டும், பாதியில் நின்றுபோனவர்களை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று டாக்டர்களை உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறார்கள். சென்னை அயப்பாக்கத்தில் உள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்திலும், வேலூர் சி.எம்.சி.யிலும் இந்தப் படிப்பு நடக்கிறது. பிளஸ் டூவில் கணக்கு எடுத்து, காலேஜில் புள்ளியியல் படித்தால் இந்தப் பக்கம் போகலாம். பயாலஜி பிடிக்கும், ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும் என்கிறவர்கள் குறித்துக் கொள்ளவும்!