அணையாத சுவிட்ச்!

குட்டீஸ், திருவண்ணாமலை கார்த்திகை தீபத்துக்குப் போயிருக்கிறீர்களா? 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதை முழுக்க மனிதத் தலைகள்தான்! அத்தனை பேருக்கும் சுத்தமான குடிநீர் தர அதிகாரிகள் ஏன் இவ்வளவு பாடுபடுகிறார்கள் தெரியுமா? கூட்டம் கூடும் இடத்தில் தண்ணீர் கெட்டால் வாந்திபேதி பரவிவிடும். அந்தக் காலத்தில் திருவிழா என்றாலே கூடவே காலரா பயமும் வரும்.

ஜெர்மன் விஞ்ஞானி ராபர்ட் காக், 1884-ல் கொல்கத்தாவில் காலராக் கிருமியை ஆராய்ந்தார். ஆனால், அது ஆளைக் கொல்வது எப்படி? 75 ஆண்டுகள் இது புதிராகவே இருந்தது.

விடை சொன்னவர் சம்புநாத் தே. 1915-ல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் படித்தார். லண்டனில் ஆராய்ச்சி செய்து 1949-ல் முனைவர் பட்டம் பெற்றார். பிறகு ஊர் திரும்பி, காலராவைக் கையில் எடுத்தார்.

முயலின் குடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். அந்தப் பகுதி நீர் கோத்து உப்பியது! அடுத்து, கிருமி வளர்ந்த திரவத்தை வடிகட்டி, ஒரு கிருமிகூட இல்லாமல் செலுத்தினார். அப்போதும் உப்பியது! அப்படியானால் குற்றவாளி, கிருமி வெளியிடும் நஞ்சுதான். 1959-ல் 'நேச்சர்' இதழில் இதை வெளியிட்டார்.

அந்த நஞ்சு என்ன செய்கிறது? நம் செல்கள் ஒன்றோடொன்று ரசாயனச் செய்திகளால் 'பேசிக்கொள்கின்றன'. செய்தி வந்ததும் செல்லுக்குள் ஒரு புரதம் சுவிட்ச் போல 'ஆன்' ஆகும். வேலை முடிந்ததும் 'ஆஃப்' ஆகிவிடும். காலரா நஞ்சு அந்த சுவிட்சை அணையவிடாமல் பிடித்துக்கொள்ளும். குடல் செல் உப்பை வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போய்விடும். இது பின்னாளில் மற்ற விஞ்ஞானிகள் கண்டறிந்தது.

நல்லவேளை, சர்க்கரையும் உப்பும் சேர்ந்து குடலுக்குள் நுழைய வேறொரு வாசல் உண்டு. அதை நஞ்சு அடைப்பதில்லை. அந்த வழியே தண்ணீரும் உள்ளே போகும். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காப்பாற்றினார்.

சம்புநாத் தேவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1978-ல் நோபல் அறக்கட்டளை தன் கருத்தரங்குக்கு அவரை அழைத்தது. 1985-ல் அவர் மறைந்தார்.

நினைவில் வையுங்கள்: ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இரண்டும் தலைதட்டிய அளவு. வயிற்றுப்போக்கு வந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லி, இதைக் குடித்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள்!