ஆசிரியப் பயிற்சியும் ஆற்றங்கரையும்

மாணாக்கரை வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் சென்று கற்பிக்கும் ஆசிரியருக்கு நூலறிவு வேண்டுமா, பட்டறிவு வேண்டுமா என வினவினால், இரண்டும் வேண்டுமென எவரும் உடனே கூறிவிடுவர். அவ்விரண்டையும் பயிற்சிக் காலத்தில் எவ்வாறு பிணைப்பது என்பதே சிக்கல்.

ஹைதராபாத்தில் பிறந்த டாக்டர் ஜாகீர் உசேன் தலைமையில் 1937-ஆம் ஆண்டு அமைந்த குழு, ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தபோது இதற்கு ஒரு வழி கண்டது. கைத்தொழில், இயற்கைச் சூழல், சமுதாயச் சூழல் ஆகிய மூன்றினின்றும் பாடங்கள் கிளைத்தெழ வேண்டும் என்றது. ஆயினும் நாளடைவில் பல இடங்களில் நூற்பு ஒரு பாடவேளையாகவும் ஏனைய பாடங்கள் வேறாகவும் நின்றுவிட்டன.

ஹைதராபாத்தையே பயிற்சிக் களமாகக் கொள்வோம். 1908 செப்டம்பர் 28 அன்று மூசி ஆறு பெருக்கெடுத்துப் பல்லாயிரவரைப் பலிகொண்டது. அப்சல்கஞ்சில் புளியமரமொன்றில் ஏறிச் சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர் என்பர். அதன்பின் மூசியின் குறுக்கே உஸ்மான் சாகரும் (1920), துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகரும் (1927) எழுந்தன. பயிற்சி பெறுவோர் முதலில் அக்கரையில் நின்று, ஆற்றின் அகலத்தை அடியளந்து பார்க்கட்டும். கரையில் வாழும் முதியோரை வினவட்டும். மேலே மதகைத் திறந்தால் நீர் இங்கு வர எவ்வளவு நேரமாகும் என்னும் ஐயம் தானே எழும். அப்பொழுது நூலைப் புரட்டினால் நீர்ப்பிடிப்பு, சாய்வு முதலிய சொற்கள் உயிர் பெறும். பின்னர்ச் சிறுவரோடு மீண்டும் அவ்விடமே செல்ல வேண்டும். நாம் வற்புறுத்துவது இவ்விரண்டாம் பயணத்தையே. முதற்பயணத்தோடு நின்றால் அது சிற்றுண்டிப் பொட்டலத்தோடு முடியும் உல்லாசப் பயணமே.

மதகைப் பற்றிய அவ்வினா வெறும் பாடமன்று. 2014 ஜூன் 8 அன்று, ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர் 24 பேர் இமாசலப் பிரதேசத்தில் பியாஸ் ஆற்றில் மாண்டனர். லார்ஜி அணையினின்று திறந்துவிடப்பட்ட நீர் அவர்களைத் திடீரென அடித்துச் சென்றது. சென்றவர்களைக் குறை கூற நாம் இதனை நினைவூட்டவில்லை. அணை திறந்தால் ஆறு உயரும் என்பதைப் படித்தறியாதார் இல்லை. ஆனால் அமைதியாகக் கிடக்கும் பாறையைக் கண்டதும், ‘மேலே அணை உண்டா? அபாயச் சங்கு இங்குக் கேட்குமா? கரையேற வழி எது?’ என வினவும் பழக்கம் கரையில் நின்று பழகினாலன்றி வாராது.

2014-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் ஈராண்டு பி.எட். படிப்பில் 20 வாரங்களைக் களப்பணிக்கு ஒதுக்கின. அத்தகைய காலத்தில் ஒரு வாரத்தையேனும் ஆற்றங்கரைக்கு அளிக்கலாம். தேர்வாளரும் அங்கேயே வந்து இவ்வினாக்களை நேரில் கேட்கலாம்.