நீல நெருப்பைப் பார்க்க எத்தனை கண்கள்?

1982 ஜூன் 24, இரவு. ஜாவா தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில், கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த ஜம்போ ஜெட்டின் முன்கண்ணாடியில் பொறிகள் சீறி ஓட ஆரம்பித்தன. வானிலை ராடாரில் எதுவும் இல்லை. கேப்டன் கழிப்பறைக்கு எழுந்து போயிருந்தார். பொறிகளைப் பார்த்தவர்கள் துணை விமானியும் ஃப்ளைட் இன்ஜினீயரும்தான்.

அவர் திரும்பி வருவதற்குள் இன்ஜின்களின் முகப்பும் உள்ளிருந்து ஒளிர ஆரம்பித்திருந்தது. பயணிகள் பகுதியில் கந்தக நெடியோடு புகை. சில நிமிடங்களில் நான்கு இன்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. உள்ளே 263 பேர். சின்னப் பிரச்சினை, நான்கு இன்ஜின்களும் நின்றுவிட்டன என்ற ரீதியில் கேப்டன் மைக்கில் அறிவித்தது விமானிகள் உலகில் இன்றும் பேசப்படுகிறது. பதற்றப்படாத மனுஷன்.

கண்ணாடியில் ஓடியது செயின்ட் எல்மோ நெருப்பு. பெயரில்தான் நெருப்பு, சுடாது. பனித்துகளோ தூசியோ உரச உரச விமானத்தின் உடலில் மின்னூட்டம் ஏறும். கூரான இடங்கள் வழியே அது கசியும்போது, சுற்றியுள்ள காற்று நீலமும் ஊதாவுமாக ஒளிரும். இருட்டில் நைலான் சட்டையைக் கழற்றினால் படபடவென்று பொறி தட்டுமே, அதே சங்கதிதான். இறக்கையின் பின்விளிம்பில் மெல்லிய குச்சிகள் நீட்டிக்கொண்டிருப்பதை ஜன்னலோரப் பயணிகள் கவனித்திருக்கலாம். மின்னூட்டம் ரேடியோவில் இரைச்சல் கிளப்பாமல் வெளியேறத்தான் அவை. இடிமேகங்களுக்கு அருகே பறக்கும் விமானிகளுக்கு இந்த ஒளி பழகிய காட்சி.

விமானத்துக்குள்ளேயே ஒளிப்பந்து வந்த கதையும் உண்டு. 1963 மார்ச்சில், நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போன விமானத்தில், சுமார் 20 செ.மீ. அகலமுள்ள நீலவெண் கோளம் ஒன்று காக்பிட் பக்கமிருந்து வந்து நடைபாதை வழியே மிதந்து போனதாம். அதில் பயணம் செய்த விஞ்ஞானி ஒருவரே 1969இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அது என்ன என்ற தகராறு இன்னும் தீரவில்லை. ரசமான விஷயம்தான். ஆனால், தூக்கத்தைக் கெடுப்பது ஜாவா சம்பவம்.

ராடாரைக் குறை சொல்ல முடியாது. அது நீர்த்துளியைக் கண்டுபிடிக்கச் செய்த கருவி. அன்று காற்றில் இருந்ததோ கலுங்குங் எரிமலையின் உலர்ந்த சாம்பல். இன்ஜினுக்குள் போன சாம்பல் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்டது. விமானம் கீழே இறங்க இறங்க, நின்ற இன்ஜின்கள் குளிர்ந்து, ஒட்டியது உதிர்ந்தது. சுமார் 13,500 அடியில் மறுபடி உயிர் வந்தது. மலைகளைத் தாண்ட வேண்டுமே என்று 15,000 அடிக்கு ஏறினார்கள். கண்ணாடியில் திரும்பவும் அதே பொறிகள்! இந்த முறை யாரும் வேடிக்கை பார்க்கவில்லை. ஒரு இன்ஜின் மறுபடி கைவிட்டது; உடனே கீழே இறங்கிவிட்டார்கள். சாம்பல் தேய்த்துத் தேய்த்து மங்கிப்போன கண்ணாடியோடு ஜகார்த்தாவில் பத்திரமாகத் தரையிறங்கினார்கள்.

ஆக, இரண்டு முறையும் ஆபத்தின் அடையாளம் தெரிந்தது மனிதக் கண்ணுக்கு.

அன்று காக்பிட்டில் மூன்று பேர். பிறகு ஃப்ளைட் இன்ஜினீயர் பதவியே ஒழிந்து இரண்டு பேரானார்கள். நீண்ட பயணங்களின் நடுப்பகுதியில் ஒருவர் தூங்கப் போக, மற்றவர் தனியாக ஓட்டினால் போதாதா என்று சில ஆண்டுகளாக ஐரோப்பாவில் ஆராய்கிறார்கள். ஜன்னலே இல்லாத காக்பிட்டுக்குக்கூட காப்புரிமை விண்ணப்பம் போயிருக்கிறது. அந்த ஒற்றை ஆளுக்கும் வயிறு உண்டு, கண் அசரும், ஒளிரும் திரைகளைப் பார்த்தே பழகிய கண் வேறு. அவர் எழுந்து போகிற ஐந்து நிமிடத்தில் கண்ணாடியில் பொறி ஓடினால் யார் பார்ப்பது?

கேமராவுக்குத் தூக்கம் வராது, செயற்கைக்கோள் இருக்கிறது, உலகெங்கும் ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் இருக்கின்றன என்பது எதிர்த்தரப்பு வாதம். இருக்கட்டும். கலுங்குங் அந்த ஆண்டு ஏப்ரலிலிருந்தே கக்கிக்கொண்டிருந்தது. தரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்த சேதி காக்பிட்டுக்குப் போய்ச் சேரவில்லை. மூன்றே வாரத்தில் இன்னொரு ஜம்போவும் அதே சாம்பலில் சிக்கி இன்ஜின்களை இழந்தது.

இரண்டாவது ஆளைக் குறைக்கத் துடிப்பவர்கள், முதலில் இந்தோனேசியாவின் மேல் போகும் இரவுப் பாதைகளுக்காவது விதிவிலக்கு எழுதித் தரட்டும். நூற்றுக்கும் மேற்பட்ட உயிருள்ள எரிமலைகள் அந்த ஒரு நாட்டில் மட்டும். சம்பளக் கணக்கை அப்புறம் பேசலாம்.