கரப்பான்பூச்சியும் மூச்சுத்திணறலும்

இரவில் சமையலறை விளக்கைப் போட்டதும் பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓரத்தில் ஒரு கரப்பான்பூச்சி ஓடி மறைகிறது. நாம் அருவருப்போடு செருப்பைத் தேடுகிறோம். ஆனால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்தப் பூச்சியைவிட, அது விட்டுச் சென்றவையே அதிகத் தொல்லை தருகின்றன.

கரப்பான்பூச்சி போகும் இடமெல்லாம் எச்சிலும் எச்சமும் படிகின்றன. அது வளர வளரத் தன் மேல்தோலை உரித்துப் போடுகிறது. செத்த பூச்சியின் கால்களும் சிறகுகளும் காய்ந்து நொறுங்கி வீட்டுத் தூசியோடு கலந்துவிடுகின்றன. இவற்றில் உள்ள சில புரதங்களே ஒவ்வாமையைத் தூண்டுகின்றன. இத்துகள்கள் சற்றுப் பெரியவை என்பதால் காற்றில் நெடுநேரம் மிதப்பதில்லை. மெத்தையிலும் தலையணையிலும் தரையிலும் படிந்து கிடக்கின்றன. மெத்தையை உதறும்போதோ வீட்டைப் பெருக்கும்போதோ எழும்பி, மூச்சோடு உள்ளே போகின்றன.

இப்புரதங்களுள் சில, பூச்சியின் குடலில் உணவைச் செரிக்க உதவும் நொதிகள். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் படும்போது, அவை அங்குள்ள உயிரணுக்களின் பிணைப்பைத் தளர்த்துகின்றன. அந்த இடைவெளி வழியே புரதங்கள் உள்ளே நுழைகின்றன. அங்கே காவலிருக்கும் நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அவற்றைப் பிடித்து ஆராய்கின்றன. ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்பார்கள். ஒவ்வாமை இயல்புடையவரின் உடலும் அப்படித்தான். கிருமியல்லாத ஒன்றைப் பகைவனாக எண்ணி, அதை எதிர்க்க ‘ஐஜிஇ’ என்னும் எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது.

இந்தக் கட்டத்தில் இருமலோ மூச்சுத்திணறலோ இராது. அதனால்தான், “பல ஆண்டுகளாக இதே வீட்டில்தானே இருக்கிறோம், இப்போது மட்டும் ஏன்?” என்று சிலர் குழம்புகிறார்கள். உடல் ஓசையில்லாமல் படை திரட்டிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

ஐஜிஇ எதிர்ப்பொருள், மாஸ்ட் செல்கள் எனப்படும் உயிரணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதே புரதம் மீண்டும் உள்ளே வந்தால், அவ்வுயிரணுக்கள் சில நிமிடங்களில் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்களைக் கொட்டுகின்றன. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது. குறுகிய அவ்வழியே காற்று வெளியேறும்போது எழுவதுதான் நாம் கேட்கும் விசில் போன்ற ஒலி.

ஏறக்குறைய 4 முதல் 8 மணி நேரத்திற்குப் பிறகு இரண்டாவது அலை வரக்கூடும். இயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் அங்குத் திரண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. மாலையில் மெத்தையைத் தட்டிய ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சு முட்டுவதற்கு இதுவும் காரணமாகலாம். இந்த அழற்சி ஆண்டுக்கணக்கில் நீடித்தால் மூச்சுக்குழாயின் சுவரே தடித்துவிடும்.

உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும், அழற்சியைக் குறைக்காது. அதற்கென மருத்துவர் தரும் தடுப்பு இன்ஹேலரை நலமாக இருக்கும் நாள்களிலும் பயன்படுத்த வேண்டும். “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று பலர் நிறுத்திவிடுவது இதைத்தான்.

அமெரிக்கப் பெருநகரங்களின் வசதி குறைந்த வட்டாரங்களில் வாழ்ந்த, ஆஸ்துமா உள்ள 476 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1997இல் வெளிவந்தது. அவர்களுள் ஏறத்தாழ 37 விழுக்காட்டினருக்குக் கரப்பான்பூச்சி ஒவ்வாமை இருந்தது. அந்த ஒவ்வாமை இருந்து, படுக்கையறைத் தூசியிலும் பூச்சியின் புரதம் மிகுந்திருந்த பிள்ளைகள், மற்றவர்களைவிட 3.4 மடங்கு அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இதை அக்குடும்பங்களின் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. சுவர் வெடித்து, குழாய் கசியும் பழைய கட்டடத்தில் ஒரு வீட்டார் எவ்வளவு துடைத்தாலும், அடுத்த வீட்டுப் பூச்சி வந்து சேர்ந்துவிடும்.

சிங்கப்பூரில் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணம் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சிதான். இருப்பினும், வெப்பமும் ஈரமும் மிக்க நம் ஊர் கரப்பான்பூச்சிக்கும் உகந்தது. குப்பைக் குழாய்களிலும் கழிவுநீர்க் குழாய்களிலும் வாழும் பெரிய செம்பழுப்புப் பூச்சியை அடுக்குமாடி வீட்டில் வசிப்போர் நன்கு அறிவர். இதன் உடலில் உள்ள ஒரு புரதம் இறாலில் உள்ள புரதத்தை ஒத்திருக்கிறது. அதனால் சிலருக்கு இரண்டுமே ஒத்துக்கொள்வதில்லை!

பூச்சிமருந்தைத் தெளித்தால் அதன் நெடியே சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். பசைபோன்ற நச்சு இரையை இடுக்குகளில் வைப்பது மேல். நீர்க்கசிவை அடைத்து, குப்பையை இரவிலேயே கட்டி அகற்றினால் பூச்சிக்கு உணவும் நீரும் கிடைக்கா. பூச்சிகள் ஒழிந்த பின்னும் அவற்றின் புரதம் தூசியில் பல மாதங்கள் இருக்கும். ஆகவே, தரையை ஈரத்துணியால் துடைப்பதையும் படுக்கை விரிப்புகளைத் துவைப்பதையும் அதற்குப் பிறகும் தொடர வேண்டும்.